வினிகர் வீட்டில் வால்வுத் தண்டுகள்

எங்கள் பம்புத் தொழிற்சாலையில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த காலத்திலும் சொந்த முத்திரை வைத்திருந்தவர்கள் மூன்றே பேர்தான். அவர்கள் முடித்த வேலையைப் பரிசோதகர் பிரித்துப் பார்க்கமாட்டார். பெட்டியோடு போகும் தகரச் சீட்டில் தங்கள் எண்ணைத் தாங்களே அடித்து அனுப்பிவிடலாம். கடைசல் பட்டறையில் ஒரு கிழவர், வார்ப்படத்தில் ஒரு ஜெர்மன்காரர், பாஸ்பேட் தொட்டியில் ஷிமார். கிழவர் இறந்துபோனார். ஜெர்மன்காரர் குடும்பத்தோடு ஜெர்மனிக்கே போய்விட்டார். சோவியத் கலைந்த பிறகு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் ஷிமாரின் பதினேழாம் எண் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

ஷிமாரின் பட்டறை மூலையில் இருந்த சின்ன ஆய்வகத்தில் நான் வேலை பார்த்தேன். தொட்டித் தண்ணீரில் ஆசிட் எவ்வளவு இருக்கிறது என்று காலையும் மதியமும் அளந்து சொல்ல வேண்டும். வீடும் அடுத்தடுத்த வீடு. அவர்கள் சீனாவிலிருந்து வந்து குடியேறிய டுங்கான்கள், நாங்கள் கிர்கிஸ்கள், நடுவில் ஒரு மண்சுவர். என் கணவர் தெமிர் இறந்து நாற்பது நாள் முடிந்த மறுநாள், ஷிமாரின் மனைவி ஜுஹ்ரா கடப்பாரையோடு வந்து அந்தச் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி வெட்டினாள். "தெருவைச் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள நூடுல்ஸ் ஆறிப்போகுதுடி. இனி இப்பிடியே வந்து சாப்பிட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன ஆறுதல். இப்போது அவளும் இல்லை, ஷிமாரும் இல்லை. அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் அந்தக் குளிர்காலம்தான் வருகிறது.

பாஸ்பேட் தொட்டி என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் காரத்தில் ஒரு முக்கு, துரு போக ஆசிட்டில் ஒரு முக்கு, நடுநடுவே தண்ணீர். பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே கிடக்கும் பாஸ்பேட் தொட்டியில் கால் மணி நேரம். பளபளவென்று போன இரும்பு, மாடப்புறாவின் முதுகு மாதிரி சாம்பல் நிறத்தில் வெளியே வரும். தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்கள் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கைதட்டுவார்கள். ஷிமாருக்கு அந்தக் கைதட்டல் பிடிக்காது.

"இப்பத்தாங்க ஆபத்தே ஆரம்பிக்குது" என்பார், மந்திரியாக இருந்தாலும். "இந்தப் பூச்சு பஞ்சு மாதிரி. குடிக்கணும்னு தவிச்சுக்கிட்டிருக்கும். எண்ணெயக் குடுத்தா எண்ணெயக் குடிக்கும், பத்து வருசம் துரு அண்டாது. நீங்க பராக்குப் பாத்தீங்கன்னா காத்துல இருக்குற தண்ணியக் குடிச்சிரும். நாளைக்கே பழுப்பு. அலசி, சூட்டோட காயவச்சு, சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெயில போடணும். அதுக்குப் பேருதான் வேல. தொட்டியில முக்குறது குளிப்பாட்டுற மாதிரி, யாரு வேணா செய்யலாம்."

அந்த வருஷம் எங்கள் ஊர் தோக்மோக்கில் எரிவாயு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வந்தது. தொட்டியைச் சூடாக்க அது போதும். காயவைக்கும் அடுப்புக்குப் போதாது. வெளியே பனி முழங்கால் உயரம். பட்டறைக்குள்ளேயே வாயிலிருந்து ஆவி போகும். அந்தக் குளிரில் ஈர இரும்பைத் தொங்கவிட்டால் கண்ணெதிரே துரு பூத்துவிடும். அப்போதுதான் பெரிய கால்வாயின் பம்பு நிலையத்திலிருந்து இருநூற்று நாற்பது வால்வுத் தண்டுகள் கேட்டு வந்தார்கள். சித்திரை மாதம் கால்வாயில் தண்ணீர் விடும்வரை அவர்கள் கிடங்கில் கிடக்க வேண்டும், துருப்பிடிக்கக்கூடாது, பதினேழாம் எண் சீட்டு இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கேட்டதில் ஷிமாருக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

"காயவைக்க எடமில்லையே அண்ணே" என்றேன்.

"எங்க வீட்டு மேடை இருக்குல்ல?"

டுங்கான் வீடுகளில் படுக்கும் மேடை செங்கல்லால் கட்டியது. சமையல் அடுப்பின் புகை அதன் வயிற்றுக்குள் ஓடிச் சுற்றி வெளியே போகும். குளிர்காலம் முழுக்க இரவும் பகலும் சூடு இறங்காது. கோதுமையைக்கூட அதில் காயவைப்பார்கள். மேலாளர் சரி என்றார். அலசிய தண்டுகளைச் சூடான சோப்புத் தண்ணீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, சறுக்கு வண்டியில் வைத்து, தெரு நாய்கள் குரைக்கக் குரைக்க எண்பது தண்டுகளை முதல் ஈடாக இழுத்து வந்தோம். ஜுஹ்ரா மெத்தைகளைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினாள்.

"இருவத்தஞ்சு வருசமா நான் படுத்த எடத்துல இரும்பப் படுக்கவைக்கிறாரு. நல்ல குடும்பம்" என்றாள் என்னிடம்.

"ரெண்டு நாளுதான் அண்ணி."

"ரெண்டு நாளு நான் எங்க படுக்க? தொட்டியிலயா?"

ஆனால் ஒவ்வொரு தண்டையும் துணியால் பிடித்து, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கியது அவள்தான்.

எண்ணெய்ப் பீப்பாய் தொழிற்சாலை முற்றத்தில் நெய்யாக உறைந்து கிடந்தது. அதை உருக்கிக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் இருட்டிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் தண்டுகளைச் சூடான எண்ணெயில் முக்கி, மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, ஷிமார் சீட்டில் தன் எண்ணை அடித்தார்.

ஒரு வாரம் கழித்துப் பரிசோதகர் ஷர்ஷென்பெக் ஒரு தண்டோடு பட்டறைக்கு வந்தான். நரித்தோல் தொப்பி, குளிரில் சிவந்த மூக்கு, நல்ல மனிதன், வாய்தான் நீளம். தொழிற்சாலைக் கிடங்கில் ஒரு பெட்டி கவிழ்ந்து தாள் கிழிந்திருந்தது, அதனால் பார்க்க நேர்ந்தது என்றான். எண்ணெய்க்கு அடியிலிருந்து பழுப்பு கசிந்து, மெழுகுத்தாளில் தேநீர்க் கறை போல ஊறியிருந்தது.

"அண்ணே, இது உங்க சீட்டுதானே?"

ஷிமார் தண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"நான் வேணும்னு பிரிக்கல. சத்தியமா. ஆனா பாத்தப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாதுல்ல? வெள்ளிக்கிழமை லாரி வருது. அதுக்குள்ள நல்ல சரக்கு குடுத்துட்டீங்கன்னா நான் ஒண்ணும் எழுதல. இல்லன்னா முத்திரைய நான் வாங்கித்தான் ஆகணும். மேலாளரே சொல்லிட்டாரு."

"வாங்கிக்க. துருப் புடிச்ச சரக்குல எண்ணு அடிச்சவனுக்கு எதுக்கு முத்திரை?"

"அட, வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்கண்ணே. சாகப்போற மாதிரி பேசாதீங்க."

அன்று திங்கட்கிழமை. இரண்டாவது ஈடு அப்போது மேடையில் காய்ந்துகொண்டிருந்தது. நானும் ஷிமாரும் வீட்டுக்கு ஓடினோம். நேற்று வைத்த தண்டுகள், இன்னும் எண்ணெய் காணாதவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார் ஷிமார். சாம்பல் பூச்சின் மேல் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி இருந்தது.

"உன் கணக்கு தப்பு, சைரா" என்றார், என்னைப் பார்க்காமல்.

பதினாறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவரையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய், தொட்டியிலிருந்து புதிதாக எடுத்து, அவர் முன்னாலேயே அளந்து காட்டினேன். குடுவையில் இளஞ்சிவப்பு வரவேண்டிய சொட்டில் வந்தது, ஆசிட் அளவு சரி. அலசும் தண்ணீரைப் பார்த்தேன், உப்பு இல்லை. சோப்புத் தண்ணீரைப் பார்த்தேன், சரி. தண்டைத் தொட்டவர்களின் கையைப் பார்த்தேன், எல்லாரும் துணியோடுதான் தொட்டிருந்தார்கள்.

"வேற என்ன அண்ணே பாக்கணும்? சொல்லுங்க. என் நாக்கைப் பாக்கணுமா?"

"கோவிச்சுக்காத, தங்கச்சி. எனக்குப் புத்தி வேலை செய்யல."

செவ்வாய்க்கிழமை மதியம் ஷர்ஷென்பெக் வீட்டுக்கே வந்தான். காயவைக்கும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றான். ஜுஹ்ராவின் வீட்டுக்கு முதல் தடவை வருகிற ஆளைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கமில்லை. மாவை இழுத்து மடித்து, இழுத்து மடித்து, பலகையில் அறைந்து நூலாக்கினாள். முள்ளங்கியும் ஆட்டிறைச்சியும் மிளகாயும் வதக்கி மேலே கொட்டினாள். வினிகர்க் குடுவையை நடுவில் வைத்தாள். அவள் வினிகர் இல்லாமல் எங்கள் தெருவில் கல்யாணம் கிடையாது. கோதுமைத் தவிட்டில் ஊறவைத்து, நாள் தவறாமல் கிளறி, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த உறையை இருபத்தைந்து வருஷமாகச் சாகவிடாமல் காத்துவந்தாள். குளிர்காலத்தில் அந்த மூன்று பெரிய ஜாடிகளும் மேடையின் கடைசியில், புகைபோக்கி ஓரமாக, பழைய போர்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் மூன்று கிழவிகள் இருக்கிற மாதிரி எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஷர்ஷென்பெக் இரண்டு வாய் சாப்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, காரமா?"

"காரம் இல்லக்கா. மூக்கு எரியுது. உள்ள வந்ததுலேர்ந்து. எப்பிடிக்கா இதுக்குள்ள உக்காந்திருக்கீங்க? எனக்குத் தொண்டையெல்லாம் புளிக்குது."

"என் வினிகர் வாசனைக்கு ஊரே வந்து நிக்கும். உனக்கு எரியுதாக்கும்? மூக்குல நரித்தோல் தொப்பி போட்டுக்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மேடையேறினேன். அடுக்கியிருந்த தண்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கதவுப் பக்கம் இருந்தவற்றில் லேசான பழுப்பு. நடுவில் கொஞ்சம் அதிகம். ஜாடிகளுக்குப் பக்கத்தில் இருந்தவை கம்பளிப்பூச்சி மாதிரி.

புளிப்பு ஆவியும் ஆசிட்தான். அது காற்றில் மிதந்து, குடிக்கத் தவித்துக்கொண்டிருந்த பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது. தினமும் ஆசிட் அளக்கிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டு என் மூக்கும் அந்த வீட்டு மூக்காகிவிட்டது.

உடனே சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. இரும்பைக் குற்றம் சொல்வது வேறு, ஜுஹ்ராவின் வினிகரைக் குற்றம் சொல்வது வேறு. பட்டறையிலிருந்து புதிதாக இரண்டு தண்டுகளைக் கொண்டுவந்தேன். ஒன்றை என் வீட்டில் வெறும் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினேன். இன்னொன்றை அதே மாதிரி கிண்ணத்தில், பக்கத்தில் ஒரு கரண்டி வினிகர் வைத்து மூடினேன். புதன்கிழமை காலையில் இரண்டையும் எடுத்துச் சுவர் வழியாகப் போய் ஷிமாரின் கையில் கொடுத்தேன். ஒன்று சாம்பல். ஒன்று பழுப்பு.

அவர் இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஜுஹ்ராகிட்ட சொல்லாத" என்றார்.

"சொல்லாம எப்பிடி அண்ணே? ஜாடிய நகத்தணும்ல?"

"எங்க நகத்துறது? மாட்டுக் கொட்டகையில வச்சா ஒரே ராத்திரியில உறை செத்துரும். அது அவ பொறந்த வீட்டுச் சொத்து. ஆறு மாசமா தொழிற்சாலையில சம்பளம்னு ஒண்ணும் வரல, இந்த வீடு அந்த ஜாடியிலதான் நிக்குது. என் எண்ணுக்காக அவ ஜாடிய வெளிய போடச் சொல்றதா? அப்பிடி ஒரு எண்ணு எனக்கு வேண்டாம்."

அவர் மேலங்கியின் உள்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். சுற்றி முடிப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஜுஹ்ரா சாம்பல் வாளியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"தொழிற்சாலைக்கு."

"கைக்குட்டையில என்ன, ரொட்டியா?"

அவர் கைக்குட்டையை உள்பைக்குள் திணித்தார்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு. இருவத்தஞ்சு வருசம். இருவத்தஞ்சு வருசமா உங்க சட்டையில ஆசிட் ஓட்டை தச்சுக் குடுத்திருக்கேன். 'எம் பொண்டாட்டி மாட்டேம்பா'ன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சா? எந்தக் கடையில வாங்குன புத்தி இது?"

"ஒனக்குக் கஷ்டம்னுதான்..."

"கஷ்டமா? பதினேழாம் நம்பர் பொண்டாட்டின்னு சந்தையில எனக்குத் தக்காளிக்காரி தராசைத் தாழ்த்திப் போடுறா. அந்த நம்பரு உங்களுது மட்டும்னு நெனச்சீங்களா? என் வினிகரு துருப் புடிக்க வைக்குதுன்னா அது எப்பேர்ப்பட்ட வினிகரு! அதச் சொல்லிப் பெருமப்படாம ஒளிச்சு வைக்கிறாரு." வாளியைக் கீழே வைத்தாள். "சைரா, உன் அடுப்பு எப்பிடி இருக்கு?"

"ஒரு ஜாடிக்குச் சூடு தாங்கும் அண்ணி."

"ஒரு ஜாடி உன் வீடு. ஒரு ஜாடி மூலைவீட்டு ஹமீதே வச்சுக்குவா. மூணாவது?" கொஞ்சம் யோசித்தாள். "அந்தத் தொப்பிக்காரன் வீட்டுல நிலக்கரி நெறைய இருக்குல்ல?"

ஷர்ஷென்பெக்கின் வீட்டுக்கு நான்தான் கூடப் போனேன். சறுக்கு வண்டியில் ஜாடியைக் கல்யாணப் பெண் மாதிரி மூன்று போர்வை போர்த்தி, ஜுஹ்ரா பக்கத்திலேயே கைபிடித்து நடந்தாள். அவன் கதவைத் திறந்து, பார்த்து, ஒரு அடி பின்வாங்கினான்.

"அக்கா, வேண்டாம்க்கா. எம் பொண்டாட்டி என்னையும் சேத்து வெளிய போட்டுருவா."

"நீதானே மோந்து கண்டுபிடிச்ச? நீயே வச்சுக்க. தெனமும் காலையில மரக்கரண்டியால ஒரு கிளறு. உலோகம் படக்கூடாது. மூடிய இறுக்காத, அதுக்கு மூச்சு வேணும். பங்குனி முடிஞ்சு வந்து எடுத்துக்குவேன். செத்துச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து ஒப்பாரி வைப்பேன்."

"எத்தன நாளு இந்த நாத்தத்துல..."

"நாளைக்கு ஒனக்கே தெரியாது" என்றாள் ஜுஹ்ரா.

ஜாடிகள் போனது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். சுவரே புளித்துப்போயிருந்தது. சுண்ணாம்பு அடித்தால் புளிப்பைக் கொன்றுவிடும் என்றேன். கடுங்குளிரில் யாரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை. ஜுஹ்ரா கம்பளங்களையும் திரைகளையும் பனியில் விரித்துப் போட்டுத் துடைப்பத்தால் அடித்தாள். புதன் மதியம் சுவர், கூரை, மேடையின் பக்கவாட்டு எல்லாவற்றுக்கும் நானும் அவளும் ஹமீதேயும் சுண்ணாம்பு அடித்தோம். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

"என்ன ஜுஹ்ரா, கல்யாணமா?"

"ஆமா. இருநூத்தி நாப்பது மாப்பிள்ளை."

அடுப்பில் விறகும் நிலக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுவரைக் காயவைத்தோம். வியாழன் காலை மூன்று மணி நேர எரிவாயுவுக்குள் ஷிமார் மூன்று ஈடும் எடுத்தார். பழைய தண்டுகளை ஆசிட்டில் போட்டு வெள்ளையாக்கி, மறுபடி பாஸ்பேட். எண்ணெய்ப் பீப்பாயை இந்தத் தடவை முன்னாடியே வீட்டுக்கு உருட்டி வந்து மேடையை ஒட்டி நிறுத்தி, அடியில் கரி போட்டிருந்தோம். கையில் பருத்திக் கையுறை. நான் தண்டைத் தொட்டுப் பார்ப்பேன், ஈரம் போய் விரலைச் சுடும் பதம் வந்ததும் ஜுஹ்ராவிடம் நீட்டுவேன். அவள் கம்பிக் கூடையில் வைத்து எண்ணெயில் இறக்குவாள். சூடான தண்டு எண்ணெயில் இறங்கும்போது பொடிப்பொடியாகக் குமிழி விடும். பூச்சுக்குள் இருந்த காற்று வெளியே வந்து எண்ணெய் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

"குடிக்குது பாரு, குடிக்குது பாரு" என்றாள் ஜுஹ்ரா. இருபத்தைந்து வருஷமாகக் காதால் கேட்டதை அன்றுதான் அவள் கண்ணால் பார்த்தாள். "சும்மா சொல்றாருன்னு நெனச்சேன்டி. நெசமாவே குடிக்குது."

ஷிமார் ஒவ்வொன்றையும் வடியவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தாளில் மடித்தார். சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை. ஹமீதே ஆவியில் வெந்த ரொட்டியைப் பிட்டு, கையுறை கழற்றாத எங்கள் வாயில் ஊட்டிவிட்டாள். சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் இருநூற்று நாற்பதாவது தண்டு பெட்டிக்குள் போனது.

வெள்ளிக்கிழமை காலை ஷர்ஷென்பெக் வந்தான். ஷிமார் முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"மொதல்ல நீ பிரிச்சுப் பாரு. அப்புறம் நான் அடிக்கிறதா வேண்டாமான்னு பேசலாம்."

"உங்க சரக்கப் பிரிக்கிற வழக்கமில்லையேண்ணே."

"இன்னிக்குப் பிரி."

அவன் ஒவ்வொரு பெட்டியிலும் அடியிலிருந்து ஐந்து தண்டுகளை உருவினான். எண்ணெயைத் துடைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, துணியைப் பார்த்தான். எல்லாவற்றையும் தானே திரும்ப எண்ணெயில் முக்கிச் சுற்றி வைத்தான். பிறகு முத்திரையை எடுத்து ஷிமாரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "அடிங்க" என்றான்.

போகும்போது ஜுஹ்ராவைக் கேட்டான். "அக்கா, ஜாடியில மேல வெள்ளையா ஆடை கட்டியிருக்கு. அது நல்லதா, கெட்டதா?"

"நல்லது. பயந்துட்டியா?"

"இல்ல, எம் பொண்டாட்டிதான் கேக்கச் சொன்னா."

லாரி போய்விட்டது. ஆனால் துருவுக்கு அவசரமில்லை. அது நான்கு மாதம் பெட்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். கிடங்கு பகலில் இளகி இரவில் உறையும், இரும்பு வியர்க்கும். அந்த நான்கு மாதமும் ஷிமார் முத்திரையைத் தொடவில்லை. புது வேலைகளைப் பரிசோதனைக்கே அனுப்பினார். யார் கேட்டாலும், "சித்திரை வரட்டும்" என்றார்.

சித்திரையில் பம்பு நிலையத்தில் வால்வு பூட்டும் நாளன்று மூவரும் பேருந்தில் போனோம். ஜுஹ்ராவை யாரும் கூப்பிடவில்லை. பச்சைப் பட்டுத் தலைத்துணி கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது, கரையெங்கும் விவசாயிகள் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் இளவயதுக்காரன். கடப்பாரையால் பெட்டியைத் திறந்து, தாளை உரித்து, ஒரு தண்டைத் துணியால் துடைத்தான். ஷிமார் மேலங்கிப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

புறா முதுகு. தலையிலிருந்து நுனிவரை ஒரு புள்ளி இல்லை. அவன் இன்னொன்றைத் துடைத்தான். இன்னொன்றை. பக்கத்தில் வேறு இடத்திலிருந்து வந்த போல்ட் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது, உள்ளே எல்லாம் துரு, செம்மண் மாதிரி.

"பதினேழுன்னு போட்டிருக்கு" என்றான் சீட்டைத் திருப்பிப் பார்த்து. "யாரு வேலைங்க இது?"

அந்தக் கேள்விக்கு ஷிமார் எப்போதும் தன் மார்பில் கட்டைவிரலை வைப்பார். நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்று கை மேலே வரவில்லை.

"எங்க வீட்டு வேலை" என்றார்.

"வீடா? தொழிற்சாலை இல்லையா?"

"வீடுதான்."

ஜுஹ்ரா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"கேட்டது போதும் தம்பி. தண்ணி காத்துக்கிட்டிருக்கு. மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வா, அப்புறம் அதத் தொடு."

அவன் ஷிமாரைப் பார்த்தான். ஷிமார் தலையாட்டினார். அவன் எழுந்து கைகழுவப் போனான்.